சூடும் நோயெதிர்ப்புப் புரதமும் சேர்ந்தால் புற்றுநோய் அழியுமா?

கேள்வி: உடம்பைச் சூடாக்கி, நோயெதிர்ப்புப் புரதத்தையும் செலுத்திப் புற்றுநோயை அழிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

ஒரு வகைக்கு உண்மை. கை, கால் சதையில் வரும் சர்கோமா கட்டிக்கு ஐரோப்பாவில் 1999 முதல் இது அனுமதி பெற்ற சிகிச்சை. என் சித்தப்பாவுக்குத் தொடையில் அந்தக் கட்டிதான் வந்தது, காலை எடுத்தார்கள். அப்புறம்தான் இதைத் தேடித்தேடிப் படித்தேன்.

1891-இல் நியூயார்க்கின் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, சர்கோமா நோயாளிக்கு வேண்டுமென்றே கிருமியைச் செலுத்திக் காய்ச்சல் வரவழைத்தார். சிலருக்குக் கட்டி சுருங்கியது. காரணத்தின் ஒரு பகுதி தெரிய 1975 ஆனது. அதே நகரில் லாயிட் ஓல்டின் குழு, பாக்டீரியா நஞ்சு கொடுத்த எலிகளின் இரத்தத்தில் கட்டியை அழுகவைக்கும் ஒரு புரதத்தைக் கண்டது. அதுதான் டிஎன்எஃப். நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளும் சைட்டோகைன்களில் ஒன்று.

சரி, ஊசியில் ஏற்றிவிடலாமே? முடியாது. கட்டியை அழிக்கும் அளவு உடம்பெங்கும் பரவினால் இரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடுவார். அந்தச் சிக்கலுக்கு லியெனார், லெஜூன் என்ற மருத்துவர்களின் குழு கண்ட வழி எனக்கு இன்றும் வியப்புதான். 1992-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காலின் பெரிய தமனியிலும் சிரையிலும் குழாய் பொருத்தி, தொடையின் மேற்பகுதியை இறுக்கிக் கட்டி, அந்த ஒரு காலின் இரத்த ஓட்டத்தை மட்டும் இதய-நுரையீரல் இயந்திரத்தோடு இணைத்துவிடுகிறார்கள். இரத்தத்தை 38 முதல் 40 டிகிரி வரை சூடாக்கி, டிஎன்எஃபோடு மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தையும் விட்டு, சுமார் ஒன்றரை மணி நேரம் ஓடவிடுகிறார்கள். முழு உடம்பு தாங்கக்கூடியதைப் போலப் பத்து மடங்கு டிஎன்எஃப்! மருந்து உடம்புக்குள் கசிகிறதா என்று, கதிரியக்கம் ஏற்றிய ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தைக் கலந்து, நெஞ்சின் மேல் கருவி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முடிந்ததும் மருந்தைக் கழுவி வெளியேற்றிவிட்டு, பழைய ஓட்டத்தைத் திறந்துவிடுகிறார்கள்.

டிஎன்எஃப் முதலில் கட்டியின் இரத்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது. மெல்ஃபலான் பல மடங்கு உள்ளே இறங்குகிறது. பிறகு அந்தக் குழாய்களே சிதைந்து, கட்டிக்கு இரத்தம் நின்றுபோகிறது. சூடு மருந்தின் வேகத்தைக் கூட்டுகிறது. சூடு மட்டும் போதாது என்பதால்தான் காய்ச்சலையும் வெந்நீரையும் புற்றுநோய்க்கு மருந்தாகச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

1996-இல் எக்கர்மொன்ட் என்ற மருத்துவரின் குழு வெளியிட்ட முடிவுகளில், இந்தச் சிகிச்சை பெற்ற 186 சர்கோமா நோயாளிகளில் 82 சதவீதம் பேருக்குக் கை கால் தப்பியது. ஆனால் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மெல்ஃபலானோடு டிஎன்எஃப் சேர்த்ததால் மூன்று மாதத்தில் கூடுதல் பலன் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது சர்கோமாவுக்காகக் காலை எடுக்க வேண்டும் என்று சொன்னால், எடுப்பதற்கு முன் சர்கோமாவிலேயே அனுபவமுள்ள இன்னொரு மருத்துவரையும் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்றே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.