சம்பளம் பேசும் அந்த ஐந்து நிமிடங்கள்: கேள்வி பதில்

நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் வேலையில் 18 ஆண்டுகள் இருந்தேன். நேர்காணலில் சம்பளப் பேச்சு வந்தாலே திணறிப்போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மேசையின் மறுபக்கம் கண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், முதல் சுற்றிலேயே “எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?” என்று கேட்டுவிடுகிறார்கள். உடனே சொல்லிவிட வேண்டுமா?

முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். முதல் சுற்றில் நீங்கள் பலரில் ஒருவர். கடைசிச் சுற்று முடிந்து உங்களைப் பிடித்துப்போன பிறகு, அவர்களுக்கு வேண்டிய ஆள் நீங்கள். முதலில் சொன்னால் உங்களைக் கழித்துவிடக் காரணமாகும் அதே தொகைக்கு, பிறகு சொன்னால் மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்க முயல்வார்கள். “பொறுப்புகளை முழுதாகத் தெரிந்துகொண்டு சொல்கிறேன். இந்தப் பதவிக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். இரண்டாம் முறையும் வற்புறுத்தினால் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் மழுப்பினால் எரிச்சல்தான் வரும்.

கேள்வி: யார் முதலில் தொகையைச் சொல்வது நல்லது?

சந்தை நிலவரம் உங்களுக்குத் தெரியுமானால் நீங்களே சொல்லுங்கள். முதலில் விழுந்த எண் பேச்சு முழுவதையும் தன் பக்கம் இழுக்கும். உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. 10 அல்லது 65இல் மட்டுமே நிற்கும்படி அமைத்த சக்கரத்தைச் சுழற்றிக் காட்டிவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் எத்தனை சதவீதம் ஆப்பிரிக்க நாடுகள் என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்களின் இடைநிலை மதிப்பீடு 25, 65ஐப் பார்த்தவர்களுடையது 45. சம்பந்தமே இல்லாத எண்ணுக்கே இந்த வலு! நிலவரம் தெரியாவிட்டால் அவர்களையே முதலில் பேச விடுங்கள். இன்னொன்று: “50 முதல் 60 வரை” என்று சொன்னால், எதிரில் இருப்பவர் குறித்துக்கொள்வது 50ஐத்தான்.

கேள்வி: இப்போதைய சம்பளம் மிகக் குறைவு. அதைக் கேட்டால் என்ன சொல்வது?

பொய் வேண்டாம். சம்பளச் சீட்டு கேட்டால் வெளிப்பட்டுவிடும். “இப்போது வாங்குவது அந்த வேலைக்கான சம்பளம். இந்தப் பொறுப்பு வேறு, அதற்கு நான் எதிர்பார்ப்பது இவ்வளவு” என்று சொல்லி, பேச்சைப் புதிய வேலைக்குக் கொண்டுவாருங்கள். இந்தக் கேள்வியே நியாயமில்லை என்பது என் கருத்து. கலிபோர்னியாவில் 2018 முதல் பழைய சம்பளத்தைக் கேட்கச் சட்டத் தடை உண்டு. ஐரோப்பிய ஒன்றியமும் 2023இல் பிறப்பித்த ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணையில் இதைத் தடுத்திருக்கிறது. உங்கள் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: கூடுதலாகக் கேட்டால் வேலையே கைநழுவிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். மரியாதையாக, காரணத்தோடு ஒருமுறை கேட்டவரை அதற்காகவே நான் நிராகரித்ததில்லை. ஒருவரைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் உழைத்திருப்போம். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க யாருக்கும் விருப்பமிருக்காது.

பயம் என்ன செய்யும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர், கடைசிச் சுற்று. ஒப்புதலான உச்சத் தொகை என் கோப்பில் பென்சிலால் எழுதியிருந்தது. அவர் கேட்டதோ அதற்கும் கீழே. அதைக் குறித்துக்கொள்ளத் தலை குனிந்தேன், அவ்வளவுதான். அந்த மௌனத்தை மறுப்பென்று நினைத்து, “கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை” என்றார். நான் பேனா மூடியைக் கழற்றுவதற்குள் இன்னொரு முறை குறைத்துக்கொண்டார். அந்தத் தொகைக்கே கடிதம் போனது. நான் தடுத்திருக்க வேண்டும். இன்றும் அது உறுத்துகிறது. தொகையைச் சொன்னதும் நிறுத்திவிடுங்கள். அடுத்து அவர்கள் பேசட்டும்.

கேள்வி: பெண்ணாகிய நான் பேரம் பேசினால் “பிடிவாதக்காரி” என்கிறார்கள். என் கற்பனையா?

இல்லை, அம்மா. ஹன்னா ரைலி போல்ஸ், லிண்டா பாப்காக், லெய் லாய் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பேரம் பேசும் பெண்களுடன் வேலை செய்யத் தயங்குவதைப் பதிவு செய்திருக்கிறது. தவறு பார்ப்பவர்களுடையது. அதற்காகக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். குழுவுக்கு நீங்கள் செய்யப்போவதை முன்வைத்து, “இந்தப் பொறுப்புக்குச் சந்தையில் தருவது இவ்வளவு” என்று கேளுங்கள். அப்போது பேச்சு உங்கள் குணத்தைப் பற்றியதாக இல்லாமல் பதவியின் மதிப்பைப் பற்றியதாகிவிடும்.

கேள்வி: வேறு நிறுவனத்தின் ஆஃபர் இருப்பதாகச் சும்மா சொல்லலாமா?

கூடாது. “கடிதத்தை அனுப்புங்கள்” என்றால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: முதல் வேலை, அனுபவமில்லை. சிறிய தொகைக்காகப் பேச வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 100இல் தொடங்குகிறார், இன்னொருவர் 110இல். இருவருக்கும் ஆண்டுதோறும் 5 சதவீத உயர்வு. பத்து ஆண்டில் முதலாமவர் 163, மற்றவர் 179. பத்தாக இருந்த இடைவெளி பதினாறாகிவிட்டது. புதியவர்களுக்குத் தொகை மாறாது என்றார்களானால், ஆறு மாதத்தில் சம்பள மறுபரிசீலனை, பயிற்சிச் செலவு, சேரும்போது தரும் போனஸ் ஆகியவற்றைக் கேளுங்கள். ஒப்புக்கொண்டதை ஆஃபர் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது இன்னும் கொஞ்சம் கேட்கலாமா?

வேண்டாம். வேலையின் பொறுப்பே மாறியிருந்தால் மட்டும் பேசுங்கள். இனி யாராவது தொகை சொன்னால், “நன்றி, நாளை மாலைக்குள் பதில் சொல்கிறேன்” என்று ஒரு நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.