உப்புக் காத்தும் வீட்டுக் காரும்: கேள்வி பதில்

தங்கச்சிமடத்திலிருந்து: அண்ணே, கார் வாங்கி மூணு வருஷம்தான். ஏசி கேஸ் ரெண்டு தடவை ஏத்தியும் நிக்க மாட்டேங்குது.

கசிவு எங்கேன்னு பார்க்காம மூணாவது தடவை ஏத்தாதீங்க தம்பி, அவ்வளவும் வீண் செலவு. நம்ம பக்கம் முதல் சந்தேகம் கண்டென்சர் மேல, அதாவது ஏசி கேஸோட சூட்டை வெளியே தள்ளுற வலைத்தகடு. ரேடியேட்டருக்கு முன்னால இருக்கிறதால உப்பும் மணலும் நேரா அதுலதான் படியும். அலுமினியத் தகடு வெள்ளைப் பொடியா உதிருதா, எங்கேயாவது எண்ணெய்ப் பிசுக்கு இருக்கான்னு பாருங்க. கேஸோட கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து வெளியேறும், அதனால பிசுக்கு உள்ள இடம்தான் கசியுற இடம். கண்ணுக்குத் தெரியலைன்னா நைட்ரஜன் ஏத்தி சோப்பு நுரை வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. கண்டென்சர் மாத்தினா, கேஸ்ல உள்ள ஈரத்தை உறிஞ்சுற டிரையரையும் சேர்த்து மாத்தணும். குறைஞ்சது அரை மணி நேரம் வேக்கம் பிடிச்ச (பம்ப் வச்சு உள்ளே இருக்கிற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த) பிறகு, பானெட் ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற கிராம் கணக்குக்கே கேஸ் நிரப்பணும். வேக்கம் பிடிக்காட்டி உள்ளே தங்குற ஈரம், கேஸ் போற குறுகலான வழியான எக்ஸ்பான்ஷன் வால்வுல உறைஞ்சு அடைச்சிரும்.

கீழக்கரையிலிருந்து: ஒரு மாசம் நிறுத்தி வச்ச கார், பின்சக்கரம் சுத்தலை.

ஹேண்ட்பிரேக் போட்டே விட்டிருப்பீங்க. பிரேக் ஷூ டிரம்மோட துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும். ஆக்சிலேட்டரை மிதிச்சு இழுத்தா லைனிங் பிய்ஞ்சு வந்துரும். சக்கரத்தைக் கழட்டி டிரம் மேல சுத்தியலால சுத்திலும் லேசாத் தட்டுங்க, விட்டுரும். இனி கியர்ல நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்க.

பாம்பனிலிருந்து: கதவுக்கு அடியில துரு. அடியில கோட்டிங் அடிக்கலாமா சார்?

துரு மேல அடிச்சா ஈரம் உள்ளேயே மாட்டி, தகடு வேகமா அரிக்கும். துருவைச் சுரண்டி, பிரைமர் அடிச்சு, நல்லாக் காஞ்ச பிறகு அடிங்க. கதவு அடியில உள்ள வடிகால் ஓட்டைகளை மட்டும் மூடிராதீங்க, பலரும் கோட்டை விடுற இடம் அதுதான். தனுஷ்கோடி அரிச்சல்முனை போய் வந்தா அன்னைக்கே சக்கர வளைவும் அடிப்பக்கமும் நல்ல தண்ணியில கழுவணும். உவர்ப்பான போர் தண்ணி உதவாது.

ராமநாதபுரத்திலிருந்து: புது வண்டி, ரெண்டாவது கியர் விழ மாட்டேங்குது. நாலு தடவை சர்வீஸுக்கு விட்டும் "இப்படித்தான் இருக்கும்"கிறாங்க.

இது உப்பு செஞ்ச வேலை இல்லம்மா, விட்டுக்கொடுக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டுல (வண்டியை விடும்போது சர்வீஸ்ல எழுதுற வேலைச் சீட்டு) உங்க புகாரை அதே வார்த்தையில எழுத வச்சு நகல் வாங்குங்க. "ஜெனரல் செக்கப்"னு எழுதினா கையெழுத்துப் போடாதீங்க. அடுத்து நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க கொடுத்த விலை 50 லட்சத்துக்குள்ள இருந்தா அங்கேயே போடலாம். பிரச்சினை எழுந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள மனு போயிருக்கணும்.