முதல் நாவலை எழுதி முடித்துவிட்டேன். இனி அதைத் திருத்துவது எப்படி? எங்கே கற்றுக்கொள்வது?

90,000 சொல்லில் ஒரு நாவலை முடித்துவிட்டேன், எழுத்துப் பிழையும் பார்த்துவிட்டேன், இனி என்ன செய்வது, இதற்கு வகுப்பு ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்துப் பிழையை முதலில் பார்த்தது வீண் வேலை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். வல்லினம் மிகுமா மிகாதா என்று இரண்டு மாதம் உட்கார்ந்து திருத்திய அத்தியாயங்களில் பதினொன்றைப் பிறகு அப்படியே தூக்கிப் போட்டேன். அவ்வளவு சுத்தமான சந்தியோடு குப்பைக்குப் போன பக்கங்கள் குறைவாகத்தான் இருக்கும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு நாவல், சிறிய பதிப்பகம், 300 பிரதி. எழுத ஒன்றரை வருடம் ஆனது, திருத்த நான்கு வருடம். கணக்கு எழுதுகிற வேலையில் இருக்கிறேன், அதனால் விடியற்காலை ஐந்து முதல் ஆறரை வரைதான் என் நேரம். உங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வகுப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சிறுகதைப் பட்டறைகள் அங்கங்கே நடக்கின்றன, போய் வாருங்கள், நல்ல நண்பர்கள் கிடைப்பார்கள். ஆனால் நாவலைத் திருத்துவதை இரண்டு நாள் பட்டறையில் யாரும் சொல்லித்தர முடியாது. இன்னொன்றும் உண்டு. தமிழில் நாவல் பெரும்பாலும் வாரப் பத்திரிகைத் தொடராக வளர்ந்தது. கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ தொடரை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் வருடத்தில் ஒரு பாத்திரம் வேறு மாதிரி மாறினால், முதல் வருட இதழ்கள் ஏற்கெனவே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டன, திரும்பிப் போய் மாற்ற முடியாது. முன்னால் போய்த்தான் சமாளிக்க வேண்டும். அது ஒரு தனித் திறமை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முழுப் பிரதியையும் கலைத்துப்போட்டு மறுபடி எழுதுகிற பழக்கம் நம்மிடம் மெலிந்து இருப்பதற்கு அது ஒரு காரணம் என்பது என் எண்ணம். எழுத்தாளரோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்கிற எடிட்டர்களும் நம்மிடம் குறைவு. க்ரியா பதிப்பகத்தை நடத்திய, மறைந்த ராமகிருஷ்ணன் போன்ற ஓரிருவரை விதிவிலக்காகச் சொல்வார்கள்.

பிரதியைக் கலைத்து எழுதினால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்ப்பர் லீ 1957இல் பதிப்பகத்துக்குக் கொடுத்த பிரதியில், வளர்ந்த பெண் ஒருத்தி ஊருக்குத் திரும்பி வந்து அப்பாவோடு மோதுகிறாள். டே ஹோஹாஃப் என்ற எடிட்டர் அதைப் படித்துவிட்டு, எழுத்தில் உயிர் இருக்கிறது, ஆனால் இது இன்னும் நாவலாகவில்லை என்று கண்டார். அதன்பிறகு இரண்டு வருடத்துக்கும் மேலாகத் திருத்தம். அதே பெண்ணின் சிறுவயதுக்குப் போய், குழந்தையின் கண்ணால் சொல்லப்பட்ட ‘To Kill a Mockingbird’ நாவலாக அது 1960இல் வந்தது. பழைய பிரதியும் 2015இல் ‘Go Set a Watchman’ என்று தனிப் புத்தகமாக வெளியாகிவிட்டதால், இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கலாம். எனக்கு அது எந்த வகுப்பையும்விட உதவியது. இரண்டிலும் அதே ஊர், அதே அப்பா. முக்கியமாக மாறியது பார்க்கிற கண்தான்.

இனி என் கதை. எங்கள் அப்பா கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். ஒரு ட்ரெடில் மிஷின், நாலு கேஸ் ஈய எழுத்து, அதை எடுத்துக் கோர்க்க ஒரு கம்பாசிட்டர். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பில் புக். ஆஃப்செட்டும் கம்ப்யூட்டரும் வந்து எல்லாம் போயிற்று. அதை நாவலாக எழுதினேன். மகன் சொல்வதுபோல, “அப்பா அன்று சீக்கிரமே எழுந்துவிட்டார்” என்று தொடங்கி ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சொல்.

மூன்று மாதம் தொடாமல் வைத்திருந்து, பிரின்ட் எடுத்துப் படித்தேன். ஒரு நோட்டில் அத்தியாயத்துக்கு ஒரு வரி எழுதினேன்: இதில் யாருக்கு என்ன வேண்டும், முடியும்போது என்ன மாறியிருக்கிறது. 34 அத்தியாயத்தில் பதினொன்றுக்கு அந்த வரியின் இரண்டாவது பாதியில் எழுத ஒன்றுமில்லை. எல்லாம் அழகான மழை, அழகான தெரு. அவைதான் மேலே சொன்ன குப்பை. சரி, அது சுலபமான பகுதி. வலித்தாலும் சுலபம்தான்.

மீதியிலும் ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. அப்பா பாத்திரம் எங்கேயும் தப்பே செய்யவில்லை. கடன்காரனுக்குப் பயந்து பின்வாசல் வழியாகப் போகிற காட்சியில்கூட, “அவர் பின்வாசல் வழியாக வெளியேறினார்” என்று எழுதியிருந்தேன். மந்திரி வெளிநடப்புச் செய்வது மாதிரி இருந்தது. அப்போதுதான் புரிந்தது. பிரச்சினை அந்த “அவர்”. இந்தத் தொல்லை நமக்கு வாய்த்தது. ஒரே சொல்லால் அப்பனையும் பிள்ளையையும் சுட்டுகிற மொழிகளில் எழுதுகிறவர்களுக்கு இது கிடையாது. “அவர்” என்று எழுதுகிறவரை நான் மகன், திண்ணையில் கைகட்டி நிற்கிறேன். 26 வயதில், கையில் மை ஒட்டிய, கடன் வாங்கி மிஷின் போட்ட ஒரு பையன் அங்கே வரவே மாட்டான்.

அதனால் அப்பாவை எடுத்துவிட்டு, அவருக்குத் தங்கவேலு என்று பெயர் வைத்து, “அவன்” ஆக்கினேன். ஆக்கினேன் என்று எழுதுவது சுலபம். கம்ப்யூட்டரில் தேடி மாற்றும் வசதி இருக்கிறதே என்று “அவர்” எல்லாவற்றையும் “அவன்” என்று மாற்றினேன். “அவர்கள்” எல்லாம் “அவன்கள்” ஆனார்கள். வினைமுற்று மட்டும் மரியாதை மாறாமல் அப்படியே நின்றது: “அவன் வந்தார், அவன் உட்கார்ந்தார்.” சிரித்து முடித்ததும் தெரிந்துவிட்டது, முழுப் பிரதியையும் முதல் வரியிலிருந்து மறுபடி தட்டச்சு செய்வதைத் தவிர வழி இல்லை.

அதுதான் எனக்கு நடந்த நல்லது. ஒவ்வொரு வாக்கியத்தையும் கையால் மறுபடி அடிக்கும்போது, அடிக்கச் சோம்பலாக இருக்கிற வாக்கியம் தேவையில்லாதது என்று விரலே சொல்லிவிடும். திரையில் மேயும்போது அது தெரியாது. முதல் சில நாள் “தங்கவேலு வந்தான்” என்று அடிக்கக் கை கூசியது. பத்து நாளில் பழகிவிட்டது. இருபதாவது நாள் தங்கவேலு, ஒரு அரசியல் கட்சிக்காரர் அச்சடிக்கக் கொடுத்த பேப்பரில் இரண்டு ரீமை ஒளித்து வைத்தான். அது என் திட்டத்தில் இல்லை. “அவர்” அதைச் செய்திருக்கவே மாட்டார்.

ஒரு துண்டைக் காட்டுகிறேன். அச்சகத்தை மூடுகிற காட்சி. முதல் பிரதியில் இப்படி இருந்தது:

“ஷட்டரை மெல்ல இறக்கிய அப்பாவின் கண்களில் ஏதோ ஒருவித சோகம் நிழலாடியது. காலம் தன் கொடிய கரங்களால் தன் வாழ்வைப் பறித்துக்கொண்டதை எண்ணி அவர் நெஞ்சம் கனத்தது.”

கடைசிப் பிரதியில்:

“தங்கவேலு ஷட்டரை இழுத்தான். பாதியில் மாட்டிக்கொண்டது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வலது காலால் மிதித்து இறக்கினான்.”

ட்ரெடில் காலால் மிதித்து ஓட்டுகிற மிஷின். தங்கவேலு அதைச் செருப்போடு மிதித்ததே இல்லை என்பது முன்னால் நாலைந்து இடத்தில் போகிறபோக்கில் வந்துவிடும். “மிஷினை மிதித்த அதே கால்” என்று ஒரு வரி நான்காவது பிரதி வரைக்கும் இருந்தது. எடுக்கச் சொன்னது என் மனைவி. “அது எங்களுக்கே தெரியும், நீங்க எதுக்கு வந்து சொல்றீங்க?” என்றாள். மேலே உள்ள பழைய துண்டில் “மெல்ல”, “ஏதோ”, “ஒருவித” மூன்றும் இருப்பதைப் பாருங்கள். முழுப் பிரதியில் “மெல்ல” மட்டும் 200க்கு மேல். என் நாவலில் யாருமே சாதாரண வேகத்தில் கதவைத் திறக்கவில்லை.

பேச்சு வழக்குக்கு ஒன்று சொல்லலாம். உரையாடல்களை போனில் பதிவு செய்து பஸ்ஸில் கேளுங்கள். என் நாவலில் வருகிற கம்பாசிட்டர் மூன்றாம் அத்தியாயத்தில் கோவில்பட்டிக்காரராகவும் பதினாலாம் அத்தியாயத்தில் சென்னைக்காரராகவும் பேசியதைக் காதுதான் பிடித்தது, கண் பிடிக்கவில்லை.

அப்புறம் வாசகர்கள். படித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்பார்கள். நம் ஆட்கள் முகத்துக்கு நேரே வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள். நான் ஒரே கேள்விதான் கேட்டேன்: “எந்தப் பக்கத்துல போனைக் கையில எடுத்தீங்க?” மூன்று பேரிடம் கேட்டதில் இரண்டு பேர் அதே ஏழாம் அத்தியாயத்தைச் சொன்னார்கள். அதற்குமேல் எனக்கு விமர்சனம் தேவைப்படவில்லை.

தொழில் தெரிந்த ஒருவரிடமும் கொடுங்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கம்பாசிட்டர் ஒருவர் இருக்கிறார், எழுபது தாண்டியவர். இலக்கியம் எல்லாம் படிப்பதில்லை. 1971இல் நடக்கிற காட்சியில் தங்கவேலு “விலை” என்ற சொல்லைக் கோர்க்கும்போது, ஐகாரக் கொம்பை எடுத்து ஸ்டிக்கில் (எழுத்துக் கோர்க்கிற கைச்சட்டம்) வைத்து, பக்கத்தில் லகரத்தை வைப்பதாக எழுதியிருந்தேன். அந்த இடத்தில் விரலை வைத்தார். “தம்பி, அப்போ லைக்கு ஒரே எழுத்துதான். தும்பிக்கை தூக்குன லை. இது எழுபத்தெட்டுக்குப் பிறகு வந்ததுல்லா?” லை போன்றவற்றைக் கொம்பு போட்டு எழுதச் சொன்ன எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978இல் வந்தது. எனக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் எழுதும்போது தோன்றவில்லை. பிழையைத் திருத்துவதோடு விட்டிருக்கலாம். அவர் அதோடு நிறுத்தவில்லை. ஆணை வந்த மறுநாளே யாரும் பழைய எழுத்தைத் தூக்கிப் போடவில்லை, தீர்கிறவரைக்கும் இரண்டும் ஓடியது, ஒரே நோட்டீஸில் மேலே பழைய லையும் கீழே புது லையும் இருக்கும் என்றார். அந்த நோட்டீஸ் இப்போது நாவலின் நடுவில் ஒரு முழு அத்தியாயம். படித்தவர்கள் அதிகம் பேசுவதும் அதைப் பற்றித்தான்.

எழுத்துப் பிழை, சந்தி, கால்புள்ளி இதெல்லாம் இதற்குப் பிறகு. ஒரு வாரம் போதும். வெளியாளிடம் காசு கொடுத்து மெய்ப்புப் பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது, நம் கண்ணுக்கு நம் பிழை தெரியாது.

எத்தனை முறை திருத்துவது, எப்போது நிறுத்துவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஐந்தாவது பிரதியில் நிறுத்தினேன், 62,000 சொல்லில். நாவல் கனிந்துவிட்டது என்றெல்லாம் தோன்றி நிறுத்தவில்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, நவம்பர் 10க்குள் ஃபைல் வராவிட்டால் அடுத்த வருடம்தான் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். ஒன்பதாம் தேதி ராத்திரி பதினொன்றரை மணிக்கு அனுப்பினேன். அந்தத் தேதி மட்டும் இல்லாவிட்டால் தங்கவேலு செருப்பை இடது பக்கம் விடுவதா வலது பக்கம் விடுவதா என்று இன்றைக்கும் மாற்றிக்கொண்டிருந்திருப்பேன்.