அப்பச்சிக்கு 51 வயதில் மாரடைப்பு, தங்களுக்கு எல்டிஎல் 168: காரைக்குடி நண்பருக்குப் பதில்

வணக்கம் ஐயா. தங்கள் தந்தையான அப்பச்சி 51 வயதில் மாரடைப்பால் இறந்ததையும், 43 வயதில் தங்கள் இரத்தத்தில் எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு 168 இருப்பதையும், வலி எதுவும் இல்லாததால் மருத்துவர் எழுதிய, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையை விட்டுவிட்டு மசாலாவை மட்டும் குறைத்தால் போதுமா என்று கேட்டிருப்பதையும் கவலையோடு படித்தேன்.

தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். எல்டிஎல் துகள்கள் இதயத் தமனியின் உட்சுவருக்குள் புகுந்து, ஆண்டுக்கணக்கில் படிந்து, ஒரு நாள் அந்தப் படிவு கிழிந்து அதன்மேல் இரத்தம் உறையும்போதுதான் பெரும்பாலும் மாரடைப்பு வருகிறது. அதுவரை பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. தந்தைக்கு 55 வயதுக்குள் இதய நோய் வந்திருப்பதே தனி அபாயம் என்பதால், இதைச் சொல்லி, பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன்-ஏ என்னும் கொழுப்புத் துகளின் அளவையும் ஒரு முறை பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தம்பி, தங்கைகளுக்கும் கொழுப்புப் பரிசோதனை தேவை.

மிளகும் கல்பாசியும் அன்னாசிப்பூவும் இதற்குக் காரணமல்ல. நம் வீடுகளில் பார்க்க வேண்டியவை, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சுடும் சீயமும் கந்தரப்பமும், உப்பு மிகுந்த உப்புக்கண்டமும் வற்றலும்தான். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விசேஷ வீட்டில் ஒரு பணியாரம் உண்பதில் தவறில்லை என்பதே என் கருத்து. அன்றாடப் பழக்கமாகக் கூடாது.

வாரம் 150 நிமிடமாவது ஊருணிக் கரையில் விரைந்து நடங்கள். புகைப்பழக்கம் பற்றித் தாங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்றே விடுங்கள். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் இடது கையிலோ தாடையிலோ வலியும் வந்தால், வாயு என்று கஷாயம் குடித்துக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.