சார்னோகைட் யார் பேரு? கல் பேர் கேள்வி-பதில்

கே: கிரானைட்ங்கற பேர் எங்க இருந்து வந்துச்சு?
இத்தாலியன் 'கிரானிட்டோ'. மணி மணியா இருக்கிறதுன்னு அர்த்தம். கடையில பிளாக் கிரானைட்னு விக்கிறதுல பாதிக்கு மேல டோலரைட், கேப்ரோன்னு வேற கறுப்புப் பாறை வகை. பேரை நம்பி கல் வாங்காதீங்க.

கே: லேட்டா இறுகுறதாலதான் செம்புரைக்கல்லுக்கு லேட்டரைட்னு பேரா?
சத்தம் ஒத்துப்போனா போதும்னு முடிவு பண்ணிடறீங்களே! லத்தீன்ல 'லேட்டர்'னா செங்கல். 1807ல பிரான்சிஸ் புக்கானன்ங்கற ஸ்காட்லாந்து டாக்டர் மலபார்ல அங்காடிப்புரத்துல இந்தக் கல்லைப் பத்தி எழுதி வெச்ச பேர். தோண்டும்போது மிருதுவா இருக்கும், இரும்பால வெட்டி செங்கல் மாதிரி அடுக்குவாங்க, காத்து பட பட இறுகிடும்.

கே: சார்னோகைட்டைக் கண்டுபிடிச்சது ஜாப் சார்னாக்தானே? எங்க கோச்சிங் நோட்ஸ்ல அப்படித்தான் இருக்கு.
அந்த நோட்ஸைத் தூக்கிப் போடுங்க. இதே கேள்வி திரும்பத் திரும்ப வருது. சார்னாக் ஈஸ்ட் இந்தியா கம்பெனி ஏஜென்ட், 1693 வாக்குல கல்கத்தாவில செத்துப்போனவர், அவருக்கும் இந்தப் பாறைக்கும் உள்ள ஒரே சம்பந்தம் அவரோட சமாதிக் கல். கல்கத்தா முழுக்க வண்டல், அங்க ஏது பாறை? பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறைதான் அங்க போயிருக்கு. சுமார் 200 வருஷம் கழிச்சு, 1893ல, ஜியாலஜிக்கல் சர்வேயில இருந்த தாமஸ் ஹாலண்ட் அந்தச் சமாதிக் கல்லை ஆராய்ஞ்சு, ஹைப்பர்ஸ்தீன்ங்கற கனிமம் இருக்கிற தனி வகைன்னு பார்த்து, சார்னாக் பேரை வெச்சார். 1900ல இதையே ஒரு பெரிய பாறைக் குடும்பமா விரிச்சு எழுதினார். நீலகிரியும் ஏற்காடும் நிக்கிறதே பெரும்பாலும் இந்தக் குடும்பத்து மேலதான். புதுசா உடைச்ச முகத்தைப் பாருங்க, எண்ணெய் தடவின மாதிரி கரும்பச்சையா ஒரு மினுக்கு இருக்கும், குவார்ட்ஸ் கூட நீலம் ஓடித் தெரியும். உலகம் பூரா பாடப்புத்தகத்துல இருக்கிற கல், நம்ம பல்லாவரத்துக் கல், அந்த ஊர் பேர் ஒருத்தருக்கும் தெரியல, அதான் எனக்கு ஆத்திரம். அங்க ஜியாலஜிக்கல் சர்வே தேசிய புவியியல் நினைவுச்சின்னம்னு அறிவிச்ச இடமே இருக்கு, சென்னையில இருக்கிறவங்க ஒரு தடவையாவது போய்ப் பாருங்க.

கே: கோண்டலைட்டும் கோண்டுவானாவும் ஒரே பேரா?
இல்லை. கோண்டுவானாங்கற ஆதிகாலப் பெருங்கண்டத்தோட பேர் கோண்டு மக்கள்கிட்ட இருந்து வந்தது, கோண்டலைட்ங்கற பாறையோட பேர் கிழக்கு மலைத்தொடர்ல வாழ்ற கோந்த் மக்கள்கிட்ட இருந்து வந்தது. கோனார்க் கோயில்ல பெரும்பாலும் இந்தக் கல்தான். மறுபடியும் சொல்றேன், சத்தத்தை நம்பாதீங்க.

கே: (போட்டோ மட்டும்) இது என்ன கல்?
எந்த ஊர்ல எடுத்தீங்கன்னு எழுதாம, பாசி படிஞ்ச மேல்பக்கத்தைக் காட்டினா யாராலயும் சொல்ல முடியாது. உடைச்சு, உள்பக்கத்தை, ஒரு ரூபா காசு பக்கத்துல வெச்சு எடுத்து அனுப்புங்க.