பத்தியம் என்று தாயைப் பட்டினி போடாதீர்கள்

பாலூட்டும் தாய்மார்களும் வீட்டாரும் கேட்டவற்றுக்குத் தாய்ப்பால் ஆலோசனை மருத்துவரின் பதில்கள்.

குழந்தை பிறந்து இரண்டு நாளாகிறது. மஞ்சளாகச் சிறிதளவே சுரக்கிறது. பவுடர் பால் கொடுக்கலாமா, டாக்டர்? (திண்டுக்கல்)

அந்த மஞ்சள் பால்தான் சீம்பால். நோயை எதிர்க்கும் புரதங்கள் அதில் செறிந்திருக்கின்றன. ஒரு சொட்டைக்கூடப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். பிறந்த குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சில மில்லியே போதும். பெரும்பாலும் மூன்றாம், நான்காம் நாளில் பால் பெருகும்.

குழந்தை சப்பச் சப்பத்தான் தாயின் உடலில் புரோலாக்டின் என்ற, பாலை ஊற வைக்கும் ஹார்மோன் சுரந்து பால் ஊறுகிறது. இரவில் அது இன்னும் அதிகம். புட்டிப்பாலால் வயிறு நிறைந்த குழந்தை மார்பைத் தேடாது, சுரப்பும் குறைந்துவிடும். ஒரு நாளில் 8 முதல் 12 முறை கொடுங்கள். குழந்தை எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, உடல் மஞ்சளித்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மகளுக்குப் பூண்டு ரசமும் சோறும் மட்டும் தருகிறோம். வயிறு போடும் என்று தண்ணீரையும் குறைத்திருக்கிறோம். கீரை, பழம் எப்போது கொடுக்கலாம்? (கோவில்பட்டி)

இன்றைக்கே கொடுங்கள், அம்மா. முதல் ஆறு மாதம் பாலூட்டும் பெண்ணுக்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ரசச் சோற்றில் அது எப்படி வரும்? நீங்கள் குறைத்தாலும் உடல் பாலைச் சுரந்துகொண்டுதான் இருக்கும். தேய்வது உங்கள் மகளின் எலும்பும் இரத்தமும்தான்.

பூண்டு தாராளமாக இருக்கட்டும். அதோடு பருப்பு, முட்டை, முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொய்யா, பப்பாளிப் பழம் எல்லாம் சேரட்டும். பால் சுறாப் புட்டு நம் ஊர்ப் பெருமைதான். ஆனால் பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் நெத்திலியும் மத்தியுமே என் தேர்வு. தாகத்துக்குத் தண்ணீரை மறுப்பது கொடுமை. பாலூட்டும்போதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொம்பு இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை 180 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும்.

கடும் வெயில். நான்கு மாதக் குழந்தைக்குத் தண்ணீர் தரலாமா? (வேலூர்)

வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அடிக்கடி பாலூட்டினால் போதும். ஆறு மாதம் வரை சர்க்கரைத் தண்ணீர் உட்பட எதுவும் கூடாது, தேன் ஒரு வயது வரை கூடாது. மருத்துவர் எழுதித் தந்த வைட்டமின் டி சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்.

26 வார விடுப்பு முடிகிறது. பீய்ச்சி வைத்துவிட்டு வேலைக்குப் போகலாமா? (சென்னை)

தாராளமாகப் போகலாம். ஆறு மாதம் முடியும் நேரம் என்பதால் மசித்த சோறு, பருப்பும் தொடங்கிவிடலாம். கைகழுவி, சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் பீய்ச்சி உடனே குளிர்சாதனப் பெட்டியின் உட்புறத்தில் வையுங்கள், கதவில் வேண்டாம். நான்கு நாள் வரை தாங்கும். அடுப்பில் காய்ச்சாமல் வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை வைத்துச் சூடாக்கிச் சங்கு போன்ற பாலாடைக் கிண்ணத்தில் புகட்டச் சொல்லுங்கள். மிச்சத்தை மறுவேளைக்கு வைக்கக் கூடாது. அலுவலகத்திலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சினால்தான் சுரப்பு குறையாது.

பால் போதவில்லை என்று மனைவி அழுகிறாள். குழந்தை பிறந்து மூன்று வாரமாகிறது. எப்படித் தெரிந்துகொள்வது? (தஞ்சாவூர்)

தம்பி, குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது வெளிர் நிறத்தில் சிறுநீர் கழிக்கிறதா, பிறந்த எடையைத் தாண்டி ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பால் போதுகிறது. இல்லையென்றால் குழந்தை காம்பை மட்டும் பற்றாமல் அதைச் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வுகிறதா என்று செவிலியரிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். பாலூட்டியதும் ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, சமையல் ஆகியவற்றை நீங்கள் பார்த்துக்கொண்டு மனைவியைத் தூங்கவிடுங்கள். அழுகை இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.