பழைய காலத்து அப்சர்வேட்டரிகள்ல, அதாவது வானத்த ஆராயுற எடங்கள்ல, பெண்கள் என்ன வேலை பார்த்தாங்க? டெலஸ்கோப்ல பாக்க விட்டாங்களா?

பெரும்பாலும் விடல. டேபிள்ல உக்கார வச்சாங்க, ஆனா பெரிய பெரிய கண்டுபிடிப்பெல்லாம் அந்த டேபிள்ல இருந்துதான் வந்துச்சு.

அமெரிக்காவுல ஹார்வர்ட் அப்சர்வேட்டரிய எடுத்துக்கோங்க. ராத்திரி ஆம்பளைங்க டெலஸ்கோப்ல கண்ணாடி பிளேட்ட மாட்டி வானத்த போட்டோ புடிப்பாங்க, அதெல்லாம் பகல்ல பெண்கள் டேபிளுக்கு வரும். நெகட்டிவ்ங்கறதால நட்சத்திரம் எல்லாம் கறுப்பு புள்ளியா இருக்கும், லென்ஸ வச்சிக்கிட்டு ஒவ்வொரு புள்ளியா அளந்து குறிச்சு கணக்கு போடணும். மணிக்கு 25 சென்ட் மாதிரி கூலி, வாரத்துல ஆறு நாள். டைரக்டர் பிக்கரிங்க பெண்களுக்கு கதவ தொறந்து விட்ட மகான்னு சில பேரு எழுதுறாங்க, எனக்கென்னமோ சீப்பா ஆள் கெடைச்சதுதான் முக்கிய காரணம்னு தோணுது.

வில்லியமினா ஃப்ளெமிங் ஸ்காட்லாந்துல இருந்து வந்தவங்க, வயித்துல புள்ளையோட இருக்கும்போது புருஷன் விட்டுட்டு போயிட்டான், பொழப்புக்கு பிக்கரிங் வீட்ல வேலைக்கு சேந்தாங்க. 1881ல அப்சர்வேட்டரில எடுத்துக்கிட்டாங்க. 1888ல எடுத்த பிளேட்ல குதிரைத் தலை நெபுலாவ (குதிரைத் தலை மாதிரி தெரியுற வான் தூசி மேகம்) மொதல்ல கவனிச்சது இவங்கதான், ஆனா வானியல் பட்டியல்ல ஏறுனது பிக்கரிங் பேரு. 1900ல டைரில பொலம்பியிருக்காங்க, எனக்கு வருஷத்துக்கு 1500 டாலர், ஆம்பளைங்களுக்கு 2500ன்னு.

அப்புறம் ஹென்ரியட்டா லெவிட். பெரு நாட்டுல எடுத்த பிளேட்ல சின்ன மெகல்லன் மேகத்த, அதாவது நம்ம கேலக்சிக்கு (நட்சத்திரக் கூட்டத்துக்கு) பக்கத்துல இருக்குற ஒரு குட்டி கேலக்சிய, பாத்துக்கிட்டு இருந்தாங்க. வெளிச்சம் கூடி கொறையுற நட்சத்திரத்த எப்படி புடிக்கறதுன்னா, ஒரு ராத்திரி எடுத்த நெகட்டிவ் மேல வேற ராத்திரி எடுத்த பாசிட்டிவ வச்சு பாக்கணும், மாறாத நட்சத்திரம்னா கறுப்பும் வெள்ளையும் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்திடும், மாறுனது மட்டும் துருத்திக்கிட்டு தெரியும். இப்படி சிக்குனதுல 25 நட்சத்திரத்த வச்சு 1912ல ஒரு விஷயம் சொன்னாங்க: ஏறி இறங்க எவ்ளோ நாள் அதிகமா எடுக்குதோ அவ்ளோ பிரகாசம் அதிகம். எல்லாமே கிட்டத்தட்ட ஒரே தூரத்துல இருக்கறதால ஒண்ணோட ஒண்ண கம்பேர் பண்ண முடிஞ்சுது. இத வச்சு தூரத்த கணக்கு போட்டுத்தான் வானியலாளர் ஹபிள் ஆண்ட்ரோமெடாங்கற நட்சத்திரக் கூட்டம் நம்ம கேலக்சிக்கு வெளிய இருக்குன்னு காட்டுனாரு. அந்த 1912 அறிக்கைல கீழ கையெழுத்து யாருது? பிக்கரிங்தான். தயாரிச்சது மிஸ் லெவிட்னு உள்ள ஒரு வரி இருக்கு, அவ்ளோதான். 1921ல கேன்சர்ல போயிட்டாங்க, அது தெரியாம 1925ல ஸ்வீடன்ல இருந்து ஒரு கணித மேதை நோபலுக்கு பேரு குடுக்கலாமான்னு அவங்களுக்கே லெட்டர் போட்டாரு.

டெலஸ்கோப் கதை இன்னும் மோசம். 1955ல வானியலாளர் மார்கரெட் பர்பிட்ஜ் அமெரிக்காவுல மவுண்ட் வில்சன் அப்சர்வேட்டரில பாக்கணும்னா புருஷனோட அசிஸ்டென்ட்னு சொல்லிக்கிட்டுதான் உள்ள போக முடிஞ்சுது, இத்தனைக்கும் அவரு தியரி ஆளு, வானத்த பாக்கறது இவங்க வேலை. அமெரிக்காவுலயே இன்னொரு அப்சர்வேட்டரியான பாலோமர்ல 1965ல தான் வானியலாளர் வேரா ரூபினுக்கு முறையா அனுமதி கெடைச்சுது, அதுவரைக்கும் சொன்ன சாக்கு பெண்களுக்கு டாய்லெட் இல்லைங்கறது!

அதே மார்கரெட் 1972ல இங்கிலாந்துல கிரீன்விச் அப்சர்வேட்டரிக்கே டைரக்டர் ஆனாங்க. அதுவரைக்கும் அங்க டைரக்டரா யார் வந்தாலும் ராயல் வானியலாளர் (Astronomer Royal) பட்டமும் சேந்தே வந்துச்சு, கிட்டத்தட்ட 300 வருஷத்து வழக்கம். இவங்க வந்தப்பதான் பட்டத்த தனியா பிரிச்சு மார்ட்டின் ரைல்ங்கற ஆண் வானியலாளருக்கு குடுத்துட்டாங்க.